டப்பிங்: உரோமத்தைத் திரித்து ஃப்ளை கட்டுவது எப்படி?

விளக்குக்குத் திரி திரிக்கத் தெரிந்த கைக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். பஞ்சைப் பிய்த்து, நார் நாராக விரித்து, உள்ளங்கையில் உருட்டினால் திரி. விலங்கின் உரோமத்தை அதேபோலப் பிய்த்து, மெழுகு தடவிய மெல்லிய நூலைச் சுற்றித் திரித்தால் அது டப்பிங். அந்த உரோமத் திரியைத் தூண்டில் முள்ளின் தண்டில் வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு பூச்சியின் உடல் உருவாகிவிடும். இறகு, நூல், உரோமம் கொண்டு முள்ளின்மீது இப்படிக் கட்டும் போலிப் பூச்சிக்குத்தான் ஃப்ளை என்று பெயர். சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பே மக்கெடோனியாவில் சிவப்புக் கம்பளியை முள்ளில் சுற்றி, அதில் சேவல் இறகு இரண்டைச் சேர்த்து மீன் பிடித்ததாக எழுத்துப் பதிவு இருக்கிறது.

எங்கள் மலையகத்துக்கு இந்தக் கலை ட்ரவுட் மீனோடு வந்தது. 1880களில் பிரித்தானியர் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். குளிர்ந்த, வேகமாக ஓடும் நீரில் வாழும் மீன் அது. பூச்சிதான் அதன் முக்கிய உணவு. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா என்பதால் அதன் எல்லைக்குள் தூண்டில் போடும் எண்ணமே வேண்டாம். மற்ற இடங்களிலும் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஃப்ளை கட்டுவது ட்ரவுட்டுக்கு மட்டும்தான் என்றும் இல்லை. நீர்த்தேக்கங்களில் உள்ள கெண்டை வகை மீன்களும் உரோமத்தில் கட்டிய சிறு ஃப்ளையைக் கவ்வும்.

வெறும் நூலையே சுற்றினால் என்ன, உரோமம் எதற்கு என்று கேட்கலாம். ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் மேஃப்ளை இளம்பூச்சிக்கு வயிற்றின் இரு பக்கமும் வரிசையாக மெல்லிய செவுள்கள் இருக்கும். அவை ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். கால்கள் ஆறும் ஆறு பக்கம் நீட்டியிருக்கும். உடலின் ஓரங்களில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். நூல் சுற்றிய முள் தண்ணீரில் ஆணிபோல் கிடக்கும். உரோமம் சுற்றிய முள்ளில் ஒவ்வொரு மயிரும் நீரோட்டத்தில் அசையும், இடையிடையே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சிக்கி மினுங்கும், ஓரங்களில் வெளிச்சமும் ஊடுருவும். மீனுக்கு உயிராகத் தெரிவது அந்த அசைவுதான்.

ஒரே தோலில் இரண்டு வகை மயிர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைப்பீர்கள் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். வளர்ப்பு முயலின் முதுகில் உரோமத்தை ஊதிப் பிரித்துப் பாருங்கள். மேலே நீட்டிக்கொண்டிருப்பவை நீளமான, விறைப்பான, பளபளப்பான மயிர்கள். அவை மழையையும் கீறலையும் தடுப்பவை, மேல்மயிர் என்போம். அவற்றின் அடியில் தோலை ஒட்டிக் குட்டையாக, சாம்பல் நிறத்தில், பஞ்சுபோல் அடர்ந்திருப்பது உள்மயிர். உடல் சூட்டைக் காப்பது அது. ஒரு மேல்மயிரையும் ஓர் உள்மயிரையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முன்னது நேர்கோடு. பின்னது மிக நுண்ணிய அலையலையான சுருள்.

அந்தச் சுருள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சுருள்கள் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்வதால் உள்மயிர் நூலைப் பற்றிக்கொண்டு திரிந்துவிடும். மேல்மயிர் நேராக, வழுக்கலாக இருப்பதால் தனியாகத் திரிக்கப்போனால் விரலைவிட்டு எகிறிப்போகும். மனிதத் தலைமயிரில் யாராலும் டப்பிங் திரிக்க முடியாததற்குக் காரணமும் இதுதான்: நம் தலையில் உள்மயிர் இல்லை.

ஆகவே, ஒழுங்கான மெல்லிய உடல் வேண்டுமென்றால் உள்மயிர் மட்டும். பரட்டையாக, கால்களும் செவுள்களும் நீட்டிக்கொண்டிருப்பதுபோல் வேண்டுமென்றால் உள்மயிரோடு மேல்மயிரையும் கலக்க வேண்டும். மூன்று பங்கு உள்மயிருக்கு ஒரு பங்கு மேல்மயிர் என்று தொடங்குங்கள். பாதிக்குப் பாதிக்கு மேல் போனால் திரி நிற்காது. நீருக்கடியில் போகும் நிம்ஃப் வகை ஃப்ளைக்குப் பரட்டை நல்லது. நீர்மேல் மிதக்கும் ஃப்ளைக்கு மெல்லிய, சீரான உடல் நல்லது.

இழையின் நீளத்தையும் பாருங்கள். முள்ளின் தண்டைப்போல் ஒன்றரை மடங்குவரை நீளம் சரி. அதற்கு மேல் போனால் இழைகள் கயிறாக முறுக்கிக்கொண்டு உடல் வழவழப்பாகிவிடும். செம்மறியாட்டுக் கம்பளியை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டிப் பாவிக்கச் சொல்வது அதனால்தான். அரை சென்ரிமீற்றரை விடக் குட்டையானவை பிடிப்பில்லாமல் உதிரும்.

இங்கே என்ன கிடைக்கும்?

வெளிநாட்டுச் செய்முறைகளில் ஐரோப்பியக் காட்டு முயல், பீவர், மஸ்க்ரட் என்று பெயர்கள் வரும். பீவரும் மஸ்க்ரட்டும் நீரில் வாழ்பவை. அவற்றின் உள்மயிர் மிக அடர்த்தியாக இருந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மிதக்கும் ஃப்ளைக்குப் பேர்போனவை. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் முதன்முதலில் கட்டப்பட்ட ஆடம்ஸ் என்ற ஃப்ளையின் சாம்பல் நிற உடலும் மஸ்க்ரட் உரோமந்தான். அதைப் படித்துவிட்டு, நம் ஓடைகளில் நீர்நாய் இருக்கிறதே என்று யாரும் நினைக்க வேண்டாம். நீர்நாய் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வேறு எந்தக் காட்டு விலங்கின் தோலையும், வீதியில் அடிபட்டுக் கிடந்தாலும்கூட, எடுக்காதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம், நோய்ப் பயம் மறுபுறம். எலி உரோமம் நல்ல சாம்பல் நிறம்தான். எலிக்காய்ச்சலை நினைத்தால் அதுவும் வேண்டாம்.

வீட்டு விலங்குகளே போதும். முதலிடம் வளர்ப்பு முயலுக்கு. இறைச்சிக்கு முயல் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தோலை எறிந்துவிடுவார்கள்; முன்கூட்டியே சொல்லி வைத்தால் கிடைக்கும். மண்ணிறம் கலந்த முயலாக இருந்தால் அதன் முகத்தோலையும் காதையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முகத்திலும் காதிலும் உள்ள மயிர் குட்டையாகவும் முரடாகவும் இருக்கும். ஹெயார்ஸ் இயர் என்ற புகழ்பெற்ற நிம்ஃபை ஐரோப்பாவில் காட்டு முயலின் அந்தப் பகுதி மயிரில்தான் கட்டுகிறார்கள். காதை விரித்துப் பிடித்து, பிளேடால் நுனியிலிருந்து அடிநோக்கிச் சுரண்டினால் மயிர் தனியே வரும்.

பூனையின் உள்மயிர் மிக மென்மை, சின்ன முட்களுக்கு ஏற்றது. நாயில் இனத்துக்கு இனம் வித்தியாசம். அல்சேஷன், பொமரேனியன் போன்ற இரட்டைப் போர்வை உள்ளவற்றைப் பேன் சீப்பால் வாரினால் சீப்பில் சேர்வது அத்தனையும் உள்மயிர். குட்டை மயிர் நாட்டு நாயில் அதிகம் தேறாது. ஆட்டு மயிரும் குதிரை மயிரும் முரடு, அவற்றை மேல்மயிருக்குப் பதிலாகக் கொஞ்சம் கலக்கலாம், அவ்வளவுதான்.

கழுவுதலும் தேயிலைச் சாயமும்

தோலோடு கிடைத்தால், உட்பக்கக் கொழுப்பைக் கரண்டி விளிம்பால் சுரண்டி எடுத்துவிட்டு, பலகையில் மயிர்ப்பக்கம் கீழே இருக்கும்படி ஆணியடித்து, உப்பைத் தாராளமாகப் பூசுங்கள். உப்பு ஈரமானதும் தட்டிவிட்டுப் புதிய உப்பு. தோல் கடதாசி அட்டைபோல் விறைக்கும்வரை நிழலில் வையுங்கள். கொழுப்பு மிஞ்சினால் அந்த இடம் மக்கி, மயிர் கொத்தாகக் கழன்றுவிடும்.

சீவி எடுத்த உரோமமோ வெட்டி எடுத்த உரோமமோ, கழுவாமல் பாவிக்காதீர்கள். விலங்கின் எண்ணெய்ப்பசை இருந்தால் மெழுகும் பிடிக்காது, சாயமும் ஏறாது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, உரோமத்தை அமிழ்த்திப் பத்து நிமிடம் வையுங்கள். கசக்கக் கூடாது. சூடும் சவர்க்காரமும் கசக்கலும் ஒன்றுசேர்ந்தால் இழைகள் பின்னிக்கொண்டு கம்பளித் துண்டாகிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. தேநீர் வடிகட்டியில் ஊற்றி, அதே அளவு வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை அலசி, பழைய துணியில் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மழைக்காலத்தில் நுவரெலியாவில் நிழல் உலர்த்தலுக்கு இரண்டு மூன்று நாள்கூட எடுக்கும். அடுப்படியில் உலர்த்துவதானால் புகை படாத பக்கம் வையுங்கள்.

உள்மயிரைப் பிரிக்க, ஒரு சிறு கொத்தை மேல்மயிரின் நுனிகள் விரலிடுக்கில் இருக்கும்படி இறுக்கிப் பிடித்து, அடிப்பக்கத்தைப் பேன் சீப்பால் வாருங்கள். உள்மயிர் சீப்போடு வந்துவிடும், மேல்மயிர் கையில் மிஞ்சும். அதையும் எறியாமல் தனிப் பையில் போடுங்கள். வாலுக்கும் பரட்டைக் கலவைக்கும் அதுதான் வேண்டும்.

வெள்ளை முயல்தான் கிடைத்தது என்றால் கவலையில்லை, தேயிலைத்தூள் நம் வீட்டில் இருக்கிறது. டஸ்ட் வகைத் தூளில் துகள் நுண்ணியது என்பதால் சாயம் விரைவாக இறங்கும். ஒரு கோப்பை நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி தூள் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கழுவிய உரோமத்தை ஈரத்தோடேயே போட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். வைக்கோல் நிறம் முதல் மண்ணிறம் வரை கிடைக்கும். சாம்பல் கலந்த கருமை வேண்டுமென்றால், துருப்பிடித்த ஆணி ஒன்றை ஒரு நாள் ஊறவைத்த நீரில் ஒரு தேக்கரண்டி சேருங்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருக்கும். அளவு கூடினால் உரோமம் முறுகி நொறுங்கும், ஆகவே கொஞ்சங்கொஞ்சமாக. மஞ்சள்தூளும் சாயம் ஏற்றும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

நிறத்தை உலர்ந்த நிலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சிட்டிகையை நனைத்துப் பாருங்கள்; உரோமம் நனைந்ததும் கறுத்துவிடும். மீன் பார்ப்பது அந்த நனைந்த நிறத்தைத்தான்.

இரண்டு நிறங்களையோ இரண்டு வகை மயிரையோ கலக்க, மூடியுள்ள போத்தலில் பாதி நீரும் ஒரு துளி சவர்க்காரத் திரவமும் விட்டு, உரோமத்தைப் போட்டு அரை நிமிடம் குலுக்குங்கள். குளிர்நீர்தான், அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வடித்து, அலசி, உலர்த்தினால் சீரான கலவை. சிறிதளவுக்கு இதுவும் வேண்டாம்: இரண்டு கையாலும் இழுத்துப் பிய்த்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மறுபடி பிய்த்தால் பத்துப் பன்னிரண்டு முறையில் கலந்துவிடும்.

மெழுகும் நூலும்

தேன்மெழுகு போதும். ஆனால் நுவரெலியாக் குளிரில் அது கல்லாக இறுகி நூலில் ஒட்டாது. ஒரு மேசைக்கரண்டி மெழுகுக்குக் கால் தேக்கரண்டி ஆமணக்கெண்ணெய் சேர்த்து உருக்கி வார்த்துக்கொண்டால் குளிரிலும் இளகும். சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு பாத்திரம் வைத்தே உருக்குங்கள், நேரடி நெருப்பில் மெழுகு தீப்பற்றும். ஹட்டன், கண்டிப் பக்கம் இருப்பவர்கள் எண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாம்.

நூல் மெல்லியதாக இருக்க வேண்டும். ஃப்ளை கட்டும் நூலில் 8/0 என்று குறித்தது நல்லது. கிடைக்காவிட்டால் தையல் நூலின் முறுக்கைப் பிரித்து ஓர் இழையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது இலகுவில் அறும்.

முள்ளில் ஏற்றுதல்

14ஆம் இலக்க முள்ளை வைஸில், அதாவது முள்ளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில், பிடியுங்கள். முள்ளின் கண்ணுக்கு (தூண்டில் நரம்பு கோக்கும் துளைக்கு) பின்னாலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை நூலை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் போடுங்கள். வழுக்கும் இரும்பின்மீது நேரே உரோமம் சுற்றினால் உடல் முழுவதும் தண்டில் சுழலும். அங்கே வாலுக்குப் பத்து மேல்மயிர்களைக் கட்டி, உடல்மேல் சுற்றுவதற்கு மெல்லிய செப்புக் கம்பி ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். பழைய மின்வயரின் உள்ளிழை ஒன்று போதும்.

இப்போது முள்ளிலிருந்து தொங்கும் நூலில் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரே ஒரு முறை மெழுகைத் தேயுங்கள். உரோமத்தை எடுங்கள். எவ்வளவு? 14ஆம் இலக்க முள்ளின் வயிற்றுப் பகுதிக்கு, இறுக்கி உருட்டினால் இரண்டு கடுகு அளவு. பிய்த்து விரித்தால் அதன் வழியே விரல்ரேகை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாதியை எடுத்துவிடுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோருமே கூடுதலாகத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் அவ்வளவு கொஞ்சம் உரோமம் கண்ணுக்குப் போதாததுபோல் தெரியும். போதும்.

விரித்த உரோமத்தை நூலின்மேல் வைத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அழுத்தி, ஒரே பக்கமாகத் திரியுங்கள். ஒரு திரிப்பு முடிந்ததும் விரலைத் திறந்து, பழைய இடத்துக்குக் கொண்டுபோய், மறுபடி அதே பக்கம். முன்னும் பின்னும் உருட்டினால் முதலில் போட்ட முறுக்கை அடுத்த உருட்டல் அவிழ்த்துவிடும். விளக்குத் திரி திரித்துப் பழகியவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். உள்ளங்கைப் பழக்கம் விரலுக்கு வந்துவிடுகிறது. வால் பக்கம் வரப்போகும் முனை ஊசிபோல், போகப்போகச் சற்றுப் பருத்து, மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளத் திரி கிடைத்தால் சரி. தடிப்பு ஒரு மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டாம்.

திரியை நூலோடு மேலே தள்ளி, அதன் முனை முள்ளைத் தொடும்படி வைத்து, பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். வயிறு தண்டின் மூன்றில் இரண்டு பங்கு. பிறகு செப்புக் கம்பியை எதிர்த்திசையில் ஐந்து சுற்று சுற்றிக் கட்டுங்கள். எதிர்த்திசையில் போனால்தான் கம்பி உரோமத்துக்குள் புதையாமல் குறுக்காக நின்று, மீனின் பல்லிலிருந்து உடலைக் காக்கும். மீதித் தண்டில் நெஞ்சுப் பகுதிக்கு மேல்மயிர் கலந்த கலவையைச் சற்றுத் தடிப்பாகச் சுற்றுங்கள். கண்ணுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீற்றர் வெறுமையாக விட மறக்காதீர்கள். அந்த இடம் இல்லையென்றால் தலை முடிச்சு உரோமத்தின்மேல் விழும், நான்கு எறிதலில் அவிழும். மூன்று முடிச்சு, ஒரு துளி நகப்பூச்சு. கடைசியாக ஊசி முனையால் நெஞ்சின் அடிப்பக்கத்து மயிரை மட்டும் கிளறிவிட்டால் அவையே கால்கள்.

மேல்மயிர் அதிகமுள்ள காது மயிர்க் கலவை இப்படித் திரிந்து நிற்காது. அதற்கு நூலை எட்டு சென்ரிமீற்றர் நீள வளையமாக மடித்து, முள்ளில் கட்டி, ஒரு பக்கத்தில் மெழுகு தடவி, உரோமத்தை இரண்டு நூலுக்கும் நடுவே குறுக்காகப் பரப்புங்கள். கீழ்முனையில் பேப்பர் கிளிப்பை மாட்டி இருபது முறை சுழற்றினால் இரு நூலும் முறுகி, மயிர் போத்தல் கழுவும் பிரஷ்போல் நாற்புறமும் நிற்கும். சுழற்றும்போது நூலைத் தளர விடாதீர்கள், சிக்கிவிடும். சுற்றும்போது மயிரைப் பின்பக்கம் தடவிக்கொண்டே சுற்றுங்கள்.

உடல் கம்பளிப்பூச்சிபோல் பருத்தால் உரோமம் கூடிவிட்டது. இடையிடையே முடிச்சுபோல் புடைத்தால் பிய்த்து விரித்தது போதவில்லை. திரி நூலிலிருந்து வழுக்கி இறங்கினால் எண்ணெய்ப்பசை: ஒன்றில் உரோமம் சரியாகக் கழுவப்படவில்லை, இல்லாவிட்டால் உங்கள் விரலில் தேங்காயெண்ணெய் இருக்கிறது. சுற்றும்போது திரி அவிழ்ந்தால் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி முறுக்கேற்றுங்கள். மிதக்க வேண்டிய ஃப்ளை அமிழ்ந்தால் முயல் உரோமத்தைக் குறைசொல்லிப் பயனில்லை, அது நீரை உறிஞ்சும் உரோமம். உடலை மெல்லியதாக்கி, வாசலினை விரலில் மிக மெலிதாகத் தேய்த்து உடல்மேல் தடவுங்கள்.

மிச்ச உரோமத்தைப் பத்திரப்படுத்துவது இங்கே தனி வேலை. ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும், அந்துப்பூச்சி முட்டையிட்டால் ஒரு பை உரோமம் மாவாகிவிடும். முற்றாக உலர்ந்ததைச் சிப் உள்ள பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, முதல் ஒரு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்து, பையைத் திறக்காமலே ஒரு நாள் விட்டு, மறுபடி ஒரு வாரம். அந்துருண்டை போடுவதானால் துணியில் முடிந்து போடுங்கள். சில வகைப் பிளாஸ்ரிக்கை அது இளக்கிவிடும். ஒவ்வொரு பையிலும் விலங்கு, உடலின் எந்தப் பகுதி, உள்மயிரா கலவையா, சாயம் போட்டதா என்று எழுதி ஒட்டுங்கள். தேயிலையில் நனைத்த வெள்ளை முயலும் நாயின் உள்மயிரும் பைக்குள் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.